இஸ்திரிக்கடை கலியமூர்த்தி அண்ணனும் அவர் உள்ளங்கையில இருந்த பல்லியும்

என் மூத்த பேரன் பெங்களூர்ல கம்ப்யூட்டர் இன்ஜினியர். இன்டர்வியூக்குப் போட்டுக்கினு போன நீலச் சட்டை கலியமூர்த்தி அண்ணன் இஸ்திரி போட்டது.

நடுப் பேரன் போலீஸ்ல சேர்ந்தான். மொத நாள் காக்கி உடுப்பு மடிப்பு கலையாம நின்னுச்சே... அதுவும் அவர் கைதான்.

பேத்தி கயல்விழி பல்லி ஆராய்ச்சி பண்ணி, விழுப்புரம் காலேஜ்ல பரிசு வாங்கினா. அன்னிக்குக் கட்டின சேலைக்கு இஸ்திரி போட்டது அவரு. அந்தப் பல்லியும் அவர் கடைப் பல்லிதான்.

அந்தக் கலியமூர்த்தி அண்ணன் இன்னிக்குக் காலையில போயிட்டாரு. நெஞ்சு வலின்னாராம்... ஆஸ்பத்திரி வாசல் கூடத் தாண்டல.

திண்டிவனத்துல எங்க தெரு முனையில கடை வெச்சிருந்தாரே, அவர்தான். அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சவ, தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

கடை ட்யூப்லைட்டுக்குப் பின்னாடி நிறைய பல்லி இருக்கும். அதுல ஒரு குட்டியைப் பிடிச்சு பெரிய கண்ணாடி பாட்டில்ல தனியா வளத்தாரு. மூடியில ஓட்டை போட்டு, ஈசல் புடிச்சுப் போடுவாரு.

ஒருநாள் இஸ்திரி போட்ட சேலைய வாங்கப் போனேன். "தங்கச்சி, இத்தப் பாரேன். குட்டியில இருந்து ஒண்டியாத்தான் கெடக்குது. ரெண்டு முட்டை வெச்சிருக்குது!"

"ராத்திரி திறந்து உட்டிருப்பீங்க. பேஜாரு பண்ணாதீங்கண்ணே, சேலைய ஜல்தியா குடுங்க"ன்னேன்.

பொங்கல் லீவுக்கு வந்த கயல் அந்த பாட்டிலைப் பார்த்துட்டு அங்கேயே குந்திட்டா. ஆம்பளையே இல்லாம, பொட்டைங்களாவே பெருகுற பல்லி இனம் இருக்குதாம். ஆனா கண்ணால பார்த்தா சாதாரண செவுத்துப் பல்லி மாதிரியே இருக்குமாம். உடம்புக்குள்ள டிஎன்ஏன்னு ஒண்ணு இருக்குது, அதுல இருக்குற மார்க்கரைப் பார்த்தாத்தான் எது எந்த இனம்னு தெரியுமாம்.

எனக்கு ஒண்ணும் புரியல. அண்ணனுக்குப் புரிஞ்சுபோச்சு.

"எங்கப்பா சலவைக்கு எடுக்கசொல்ல துணி ஓரத்துல சேங்கொட்டைச் சாறால அழியாத குறி போடுவாரும்மா. நூறு வெள்ளை வேட்டி ஒண்ணா கெடக்கும். குறியப் பார்த்து இது இந்த வூட்டு வேட்டின்னுடுவாரு. அந்த மாதிரியா?"

"அதேதான் தாத்தா! அது துணிக்கு வெளியில போட்ட குறி. இது பொறக்கசொல்லவே உள்ள இருக்குற குறி"ன்னா கயல்.

அந்தக் குறியப் பார்க்க வால் நுனி கொஞ்சம் போதும்னா. அவரே ஒவ்வொண்ணாப் புடிச்சுக் குடுத்தாரு. வாலு திரும்ப வளந்துடும் தானேன்னு நாலு வாட்டி கேட்டுட்டுத்தான் குடுத்தாரு.

என்னைக் கிண்டல் வேற. "பார்த்துக்க தங்கச்சி, இந்தப் பல்லி மாதிரி எனக்கும் மாப்பிள்ளையே வாணாம்னுடப் போவுது உன் பேத்தி."

குறியெல்லாம் பார்த்ததுல, அந்த ஒரு கடைக்குள்ளயே ரெண்டு இனம் இருந்துச்சாம். பாட்டில் பல்லி அந்தப் பொட்டை இனமேதான். கயல் அச்சடிச்ச பேப்பர்ல கடைசியில நன்றின்னு அவர் பேரைப் போட்டிருந்தா. கசங்கியிருக்குதேன்னு அந்தப் பேப்பருக்கும் இஸ்திரி போட்டு வெச்சுக்கினாரு...

இப்ப நான் பண்ணினதைச் சொல்லணும்.

பரிசு குடுத்த அன்னிக்கு அவரும் விழுப்புரம் வந்தாரு. வெள்ளை வேட்டி, வெள்ளை சட்டை. உள்ளங்கையில அந்தப் பல்லியை வெச்சுக்கினு கயல் பக்கத்துல நின்னு சிரிச்சாரு. என் போன்லதான் படம் எடுத்தேன்.

அதை இங்க பேஸ்புக்ல போடும்போது அவரை வெட்டிட்டேன். பொண்ணு கேட்டு வர்றவங்க பார்ப்பாங்களே, பக்கத்துல பல்லி இருந்தா நல்லா இருக்காதேன்னு.

நீங்க எல்லாரும் லைக் போட்டீங்க. "தாத்தாவை ஏன் ஆயா வெட்டின?"ன்னு கயல்தான் ரெண்டு நாள் பேசல.

அவர் கோவிச்சுக்கல. மகன் போன்ல பார்த்துட்டு, "என் முழங்கை நல்லா விழுந்திருக்குது தங்கச்சி"ன்னாரு. "முழுப் படம் ஒண்ணு போடேன்."

நாளைக்குப் போடறேண்ணேன்னேன். போன்ல இடமில்லன்னு அந்தப் படத்தை எப்பவோ அழிச்சிட்டேன்னு சொல்ல வாய் வரல. துணி குடுக்கப் போறப்பல்லாம் கேட்டாரு. நாளைக்கு... நாளைக்கு...

இப்ப அவர் மகன் வந்து வாசல்ல நிக்கிறான். "அத்தை, அப்பா படம் ஒண்ணு குடுங்க. ஓட்டு கார்டுதான் இருக்குது, அதுல மூஞ்சே தெரியல."

என்கிட்ட அவர் முழங்கைதான் இருக்குது.

அன்னிக்குக் காலேஜ்ல நிறைய புள்ளைங்க அவரைப் படம் எடுத்தீங்க. கயல்கிட்டயும் இல்லையாம், உங்க யார் போன்லயாவது இருக்கும். தேடுங்க கண்ணுங்களா, உங்க கால்ல விழறேன். சாயந்திரம் நாலு மணிக்கு எடுத்துடுவாங்க.

போயிட்டு வாங்கண்ணே...

படம் கிடைச்சா கீழ போடுங்க. பல்லியை வெட்டாதீங்க.