தெலிங்கா தமிழ்

ஜொகூரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு போகிறார்கள். ஜாக்கெட் என்றதும் நம் ஊர் ரவிக்கையை நினைக்காதீர்கள், காற்றுக்குப் போடும் முழுக்கைச் சட்டையைச் சொல்கிறேன். வந்த புதிதில் சாலையில் பாதிப் பேர் பின்பக்கமாகப் போகிற மாதிரி எனக்குத் தலை சுற்றியது. இப்போது நானும் அப்படித்தான் மாட்டிக்கொண்டு, கணவர் சரவணனின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஸ்கூடாயிலிருந்து செனாய்க்கு வேலைக்குப் போகிறேன். இந்த ஊர்க்காரர்களுக்கு விசித்திரமாகத் தெரிவது நான்தான். ஹெல்மெட்டைக் கழற்றியதும் இரண்டு கைகளாலும் இரண்டு காதுகளையும் தொட்டுப் பார்ப்பேன். முகக்கவசத்தை எடுத்தாலும் தொடுவேன், துப்பட்டாவைச் சரிசெய்தாலும் தொடுவேன். பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுகிறேன் என்று சரவணன் கிண்டல் செய்வார். தொழிற்சாலையில் என் பக்கத்தில் நிற்கும் மலாய்ப் பெண் ஒருநாள், சாமி கும்பிடுகிறாயா என்று மரியாதையாகவே கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

பள்ளிக்கூட வயதில் வந்த காய்ச்சலில் என் காது போனது. அன்றிலிருந்து இரண்டு காதிலும் மிஷின். இடது காதுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கும், வலது காதுக்குத்தான் பேச்சு புரியும். கோவில்பட்டியில் அம்மா இரண்டு மிஷினிலும் சிவப்பு நூல் கட்டி, நூலின் மறுமுனையை என் சுடிதார்க் கழுத்தில் ஊக்கால் குத்திவிடுவாள். "காதுல இருக்கணும், இல்லன்னா டப்பாவுல இருக்கணும். மூணாவது எடம் கெடையாது" என்பாள். தலையணைக்கு அடியில் கூடாது, சட்டைப்பையில் கூடாது, கைக்குட்டையில் சுற்றி வைக்கவே கூடாது. அந்த நூல்கூட வெளியே தெரியாமல் முடியை இறக்கிப் பின்னி, மேலே கனகாம்பரம் வைத்துவிடுவாள். பெண்ணுக்குக் காது கேட்காது என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடக் கூடாதாம்.

அந்த மறைப்பால் என்ன ஆகும் என்பதைப் பேருந்து நிலையத்தில் ஒருமுறை பார்த்தேன். கூட்டத்தில் யாருடைய பையோ இழுத்து, நூல் அறுந்து, வலது மிஷின் விழுந்துவிட்டது. என்ன தொலைந்தது என்று கண்டக்டர் கேட்டார். அம்மா கூசாமல், கம்மல் என்றாள். அவ்வளவுதான், கூட்டமே குனிந்து தங்கத்தைத் தேடியது. எல்லோரும் மினுமினுப்பைத் தேடியதால், தோல் நிறத்தில் கிடந்த பிளாஸ்டிக் யார் கண்ணிலும் படவில்லை. பேருந்து பின்னுக்கு வந்தபோது எனக்கு மட்டும் அது தெரிந்தது. கத்தினேன். சக்கரம் ஏறிய பிறகுதான் வண்டி நின்றது. அடுத்த மிஷின் வரும்வரை பள்ளிக்கூடத்தில் ஆசிரியையின் உதட்டைப் பார்த்தே பாடம் படித்தேன்.

ஜொகூர்க்காரரைக் கட்டிக்கொண்டு வந்த பிறகு சிவப்பு நூலை நானே வெட்டி எறிந்தேன். ஹெல்மெட்டில் சிக்குகிறது என்று சரவணனிடம் சொன்னேன். அதுவும் பொய்யில்லை. யாராவது பார்த்து என்னவென்று கேட்டுவிடுவார்களோ என்ற பயமே பெரிது. தொழிற்சாலையில் சூப்பர்வைசர் அஸ்மானுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் கறாராகச் சொல்லியிருந்தார்: தளத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிறது, காதில் மிஷின் இருந்தால் உள்ளே வா, இல்லாவிட்டால் வராதே. சோதனைக் காலம் முடிகிற நாளன்று பாதுகாப்பு அதிகாரி வருவார், முதுகைத் திருப்பி நிற்க வைத்து ஹார்ன் அடிப்பார், கேட்டால் வேலை நிரந்தரம் என்றும் சொல்லியிருந்தார்.

அந்த நாள் காலையில்தான் அது நடந்தது. வழியில் வழக்கமான நாசி லெமாக் கடையில் நிறுத்தினோம். ஒரு மேசை, ஒரு பெரிய குடை, தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்கள், அவ்வளவுதான் கடை. அதை நடத்தும் அம்மாவை எல்லோரும் மக்சிக் என்று கூப்பிடுவார்கள், நம் ஊரில் அத்தை என்பது போல. ஹெல்மெட்டைக் கழற்றி, பொட்டலங்களை வாங்கியபோது தூறல் விழுந்தது. கை நிறையப் பொட்டலம். காதைத் தொடாமலே ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மோட்டாரில் ஏறிவிட்டேன். மக்சிக் பின்னாலேயே ஓடிவந்தாள். "அச்சி! அச்சி! தெலிங்கா! தெலிங்கா!" என்று ஏதோ கத்தினாள். உதட்டசைவை வைத்துத்தான் படித்தேன்.

எனக்குச் சுருக்கென்றது. முப்பத்திரண்டு வயதில் என்னைப் பார்த்து ஆச்சியா? எங்கள் பக்கம் ஆச்சி என்றால் கிழவி. போதாக்குறைக்குத் தெலுங்கா என்று வேறு கேட்கிறாள். கோவில்பட்டியில் புதிதாகக் குடிவருகிறவர்களிடம், வீட்டில் தெலுங்கா தமிழா என்று சகஜமாகக் கேட்பார்கள். அதை நடுரோட்டில் ஓடிவந்து கேட்க வேண்டுமா? "தமிழ், தமிழ்" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு, இன்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்காத சரவணனின் முதுகைத் தட்டிக் கிளம்பச் சொன்னேன். ஹெல்மெட்டுக்குள் எப்போதும் எல்லாம் மந்தமாகத்தான் கேட்கும். அதனால் வித்தியாசம் தெரியவில்லை.

செனாயில் தொழிற்சாலை வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றினேன். உலகம் பாதியாகத்தான் திரும்பி வந்தது. வலது காதைத் தொட்டேன், வெறும் காது. ஹெல்மெட்டின் பஞ்சை இழுத்துப் பார்த்தோம், துப்பட்டாவை உதறினோம், ஜாக்கெட் கையைப் புரட்டினோம். சரவணன் என் முகத்துக்கு நேராக நின்று கேட்டார், நான் உதட்டைப் படிப்பதற்காக.

"கடைசியா எங்க கழட்டின?"

நாசி லெமாக் கடையில் என்றேன். எரிச்சலில், அந்த அம்மா என்னை ஆச்சி என்று கூப்பிட்டதையும் தெலுங்கா என்று கேட்டதையும் சேர்த்துக் கொட்டினேன். அவர் கையிலிருந்த சாவி அப்படியே நின்றது.

"அலமாக். அது தெலுங்கு இல்ல லா, தெலிங்கா. மலாய்ல காது. அச்சின்னா இங்க அக்கா மாதிரி."

இந்த மண்ணில் ஒரு வருடத்துக்கும் மேலாக இருக்கிறேன். சோறு, தண்ணீர், சீக்கிரம், பெட்டி, ஆபத்து எல்லாவற்றுக்கும் மலாய் வார்த்தை தெரியும். காதுக்கு மட்டும் தெரியாது. கேட்டால், ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்பார்களே என்று கேட்காமலே இருந்துவிட்டேன்.

வந்த வழியே திரும்பினோம். மழை வலுத்துவிட்டது. ஒவ்வொரு லாரிச் சக்கரத்தையும் பார்க்கும்போது எனக்குப் பேருந்து நிலையம்தான் ஞாபகம் வந்தது. கடை இருந்த இடத்தில் கடை இல்லை. மேசையும் குடையும் போய், ஈரத் தரையில் நாலு கால் தடம் மட்டும் இருந்தது. மக்சிக்கின் வீடு எங்கே என்று சரவணனுக்கும் தெரியாது. அவர் சந்தின் மறுபக்கம் விசாரிக்கப் போனார். எதிரே டயர் கடையில் ஆட்கள் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். கம்மல் என்று சொல்ல மலாய் தெரிந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஈர முடியை ஒதுக்கி வெறும் காதைக் காட்டினேன். சரவணன் வழியில் சொல்லிக்கொடுத்ததைச் சத்தமாகச் சொன்னேன்.

"தெலிங்கா சாயா ஹிலாங்."

என் காது தொலைந்துவிட்டது. ஒருவர் சிரித்தார். இன்னொருவர் என் இடது காதில் இருந்த மிஷினைப் பார்த்துவிட்டு, சிரித்தவரின் தோளில் தட்டினார். பிறகு நாலு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு மழையில் இறங்கினார்கள். அவர்களுக்கு எதைத் தேடுகிறோம் என்று தெரிந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. அதற்குள் கடைக்கார முதலாளி யாருக்கோ போன் போட்டிருக்கிறார். பின் சந்திலிருந்து மக்சிக் குடையோடு வந்தாள். மிளகாய்ச் சம்பல் கட்டும் சின்ன பிளாஸ்டிக் பைக்குள், ரப்பர் வளையம் போட்டு, என் மிஷின். சேற்றில் விழாமல் மேசை மேலேயே விழுந்திருந்ததாம்.

அவள் சொன்னதை, அதற்குள் திரும்பி வந்த சரவணன் எனக்குத் தமிழில் சொன்னார். காது, காது என்று கூப்பிட்டேன், இவள் தமிழ், தமிழ் என்றாள். சரி, இது தமிழ்க் காது போலிருக்கிறது, தமிழ் ஆளிடம்தான் கொடுக்க வேண்டும் என்று பத்திரமாக வைத்திருந்தேன் என்றாளாம். "தெலிங்கா தமிழ்" என்று அவளே ஒருமுறை சொல்லிப் பார்த்துச் சிரித்தாள்.

தொழிற்சாலைக்குத் தாமதமாகத்தான் போனேன். நடந்ததை அஸ்மானிடம் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதிகாரி அடுத்த தளத்தில் இருந்ததால் பிழைத்தேன். முதுகைத் திருப்பி நின்றேன். முதல் ஹார்னுக்கே கையைத் தூக்கிவிட்டேன்.

இப்போது இடது மிஷினில் மறுபடியும் சிவப்பு நூல். வலது மிஷினுக்கு ஸ்கூடாயில் வாங்கிய பச்சை ரப்பர் கயிறு, ஜாக்கெட் கழுத்தில் கிளிப். முடிக்கு வெளியே, ஊரே பார்க்கட்டும் என்று. தினமும் பொட்டலத்தை நீட்டும்போது மக்சிக் கேட்பாள், "தெலிங்கா அடா?" இருக்கிறதா என்று அர்த்தம். தொட்டுப் பார்த்து, "அடா" என்பேன். சாயங்காலம் கோவில்பட்டியிலிருந்து போன் வரும். நலம்கூடக் கேட்காமல் அம்மா கேட்பாள், "காது இருக்கா?" நானும் தொட்டுப் பார்த்துச் சொல்வேன், இருக்கும்மா, ரெண்டும் இருக்கு.