நின்ற வண்டிக்குக் காசு

லாரித் தொழிலில் ஓடுவது பாதி வேலை, நிற்பது பாதி வேலை. முதல் பாதிக்குச் சம்பளம் உண்டு, மறுபாதிக்கு வாக்குவாதம் உண்டு.

மண்ணெண்ணெய் வரிசையில் கால் கடுக்க நின்றவர்கள், தாலுகா ஆபீசில் 'ஐயா சாப்பிடப் போயிருக்காக' என்ற பதிலைக் கேட்டு வேப்பமரத்தைச் சுற்றி வந்தவர்கள், ஆஸ்பத்திரி பெஞ்சில் சாய்ந்தே ஒரு தூக்கம் போட்டவர்கள் எல்லோரும் நம்ம ஆட்கள்தான். நீங்கள் நின்றதற்கு எவரும் காசு தந்திருக்க மாட்டார்கள். எனக்குத் தந்தார்கள், எப்போதாவது.

எழுபதுகளில் தேனி முதலாளி ஒருவரின் லாரியை ஓட்டினேன். வருசநாட்டுப் பருத்தி, போடி ஏலக்காய், கம்பத்து வாழைத்தார் என்று பள்ளத்தாக்கில் விளைவதெல்லாம் எங்கள் வண்டியில் ஏறும். சரக்கு ஏற்றவோ இறக்கவோ போன இடத்தில் அன்றே வண்டியை விடாமல் நிறுத்தி வைத்தால், சரக்குக்காரர் நாளுக்கு இவ்வளவு என்று தரவேண்டும். பில்லில் அதன் பெயர் வெயிட்டிங் சார்ஜ். எங்கள் வாயில் ஆல்டிங். பாதி முதலாளிக்கு, பாதி டிரைவருக்கு.

மேற்குச் சுவர்

உத்தமபாளையத்தில் எங்கள் வீடு ஒற்றை அறை. வாசல் கிழக்கே. மலை இருக்கிற மேற்குப் பக்கம் மொட்டைச் சுவர். ஆனி, ஆடியில் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து காற்றும் சாரலும் இறங்கும்போது தெருவே குளிர்ந்து கிடக்கும். எங்கள் வீட்டுக்குள் மட்டும் அடுப்புப் புகை வெளியே போக வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கும். என் மனைவி சரசு அந்தச் சுவரில் காதை வைத்துக் கேட்பாள். காற்று வந்து மோதுவது கேட்குமாம். நானும் காதை வைத்துப் பார்த்திருக்கிறேன், எனக்குக் கேட்டதில்லை. அந்தச் சுவரில் அவளுக்கு ஒரு சன்னல் வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

சம்பளம் அரிசிக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் சரியாகப் போய்விடும். ஆல்டிங் காசு டீக்கும் பீடிக்கும் கரைந்துகொண்டிருந்தது. ஒருநாள் துவைக்கச் சட்டையை எடுத்தவள், பையில் கிடந்த நோட்டைக் காட்டி இது என்ன காசு என்றாள். சொன்னேன். காலியான பால்பவுடர் டின் ஒன்றில் அதைப் போட்டு மூடினாள்.

"நீங்க அங்கன வண்டிக்குள்ள காத்துக் கெடக்கீக. நான் இங்கன உங்களுக்காகக் காத்துக் கெடக்கேன். இது ரெண்டு பேரு காசு. இனிமே சன்னலுக்குத்தான்."

ஓய்வு நாள்

முதலாளி தேவசகாயத்துக்குத் தேனி பஜாரில் இரும்புக் கடை. நல்ல மனுசர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற வேதக்காரர். அதனாலேயே ஞாயிற்றுக்கிழமை நின்ற வண்டிக்கு ஆல்டிங் வாங்கமாட்டார். அவர் பாதி போனால் என் பாதியும் கூடவே போய்விடும். போடியில் ஏலக்காயை இருப்பு வைக்கிற கிட்டங்கிகளுக்கு இது தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம் என்றால் சிரித்த முகத்தோடு வரவேற்பார்கள், திங்கள்கிழமைதான் கிட்டங்கிக் கதவைத் திறப்பார்கள்.

எனக்குப் பால்பவுடர் டின் ஞாபகம். ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டேன். முதலாளி நிதானமாகச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை ஓய்வு நாளுன்னு வேதத்துல இருக்கு சீனி. அன்னைக்கு வண்டி நின்னா அது காத்திருக்கல, கட்டளைக்குக் கீழ்ப்படியுது. கீழ்ப்படிஞ்சதுக்குக் காசு வாங்கலாமா?"

"அப்ப போன ஞாயித்துக்கிழமை என்னய மதுரைக்கு ஓட்டிட்டுப் போகச் சொன்னீகளே மொதலாளி?"

கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஓட்டுனது நீதானப்பா."

பூண்டு வாசம்

வடுகபட்டியில் பூண்டு ஏற்றப் போனால் சாக்கு நிறைந்திருக்காது. நிறைந்திருந்தால் தைத்திருக்காது. வண்டியைக் கடை வாசலில் போட்டுவிட்டு சீட்டில் சாய்ந்தால், வெயிலும் பூண்டு வாசமும் சேர்ந்து ஆளை ஒரு மாதிரி மயக்கும். கண்ணாடி வழியாக மேலே பார்த்துக்கொண்டே இருந்தால் வண்டி மெதுவாக நகர்கிற மாதிரி இருக்கும். பதறி பிரேக்கை மிதிப்பேன். நகர்ந்தது மேகம். எத்தனை வருசம் ஓட்டினாலும் இந்த ஏமாற்றத்துக்கு மட்டும் கால் பழகவே இல்லை.

அப்படி ஒருமுறை இரண்டு பகல் நின்றேன். காசு கேட்டதற்குப் பூண்டு மண்டிக்காரர் ஆச்சரியப்பட்டார். "தூங்குன நேரத்துக்குமா ஆல்டிங்? எங் கடை வாசல்ல, எம் பூண்டு வாசத்துல அம்புட்டுச் சொகமாத் தூங்குனீக. நாந்தான் உங்ககிட்ட வாடகை கேக்கணும்." கடைசியில் முதலாளி பங்கைக் காசாகவும், என் பங்கை ஒரு மூட்டைப் பூண்டாகவும் தந்து அனுப்பினார். வீட்டு மூலையில் அதை இறக்கி வைத்தேன். குழம்பு, ரசம், துவையல், ஊறுகாய் எல்லாம் பூண்டு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். சேலையை மூக்கில் வைத்துக்கொண்டு சரசு சொன்னாள்:

"முன்னால புகை போகத்தான் சன்னல் கேட்டேன். இப்ப இதுக்கும் சேத்துப் பெருசா வைக்கணும்."

பந்தலுக்கு அடியில்

ராயப்பன்பட்டியில் திராட்சை ஏற்றப் போன அன்று ஊரே காலியாக இருந்தது. மாதா கோயில் திருவிழா. பழம் வெட்டுகிறவர்கள் எல்லோரும் சப்பரத்துக்குப் பின்னால் போய்விட்டார்கள். தோட்டக்காரர் அருளப்பன் வெள்ளை வேட்டியில் வந்து, நாளைக்குத்தான் பழம் வெட்ட முடியும், பந்தலுக்கு அடியில் படுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவரும் போய்விட்டார்.

திராட்சைப் பந்தலுக்கு அடியில் பகலில் படுத்தவர்களுக்குத்தான் தெரியும். வெளிச்சம் பச்சையாகி இறங்கும். தலைக்கு மேல் கொத்துக் கொத்தாகக் கறுப்புப் பழம். எங்கோ பேண்டு வாத்தியம் நெருங்கி வரும், விலகிப் போகும். தண்ணீருக்கு அடியில் கிடக்கிற மாதிரி இருந்தது. எனக்கு வீடு, மனைவி, வண்டி எதுவும் இல்லை என்று அன்று ஒரு மணி நேரம் உண்மையாகவே நம்பினேன். அவ்வளவு நிம்மதி எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

மத்தியானம் அருளப்பனே வாழையிலையும் ஆட்டுக்கறியும் கொண்டுவந்து உட்கார்ந்து பரிமாறினார். கை நிறையக் குழம்போடு நான் இருக்கும்போது, "ஆல்டிங் எம்புட்டு ஆகும்?" என்று மடியைத் தொட்டார். சன்னல் கண்ணுக்கு முன் வந்தது. ஆனாலும் வாயில் கறி இருக்கும்போது எப்படிக் கேட்பது? அதெல்லாம் ஒன்றும் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். இன்னொரு தடவை வற்புறுத்துவார் என்றுதான் நினைத்தேன். அவர் நிம்மதியாக மடியிலிருந்து கையை எடுத்தார்.

"அதானே. திருநாளன்னைக்கு வந்தவர விருந்தாளின்னுதான சொல்லுவாக. விருந்தாளிக்குக் காசு குடுத்தா நல்லாவா இருக்கும்?"

கயிறு

இப்படி வந்தும் வராமலும் டின் மெல்ல நிறைந்தது. ஆனி பிறந்து காற்று தொடங்கிவிட்டது. திங்கட்கிழமை வருவதாகக் கொத்தனார் சொல்லியிருந்தார். சுவரை உடைக்கவும் நிலையும் கம்பியும் வைக்கவும் காசு இருந்தது. கதவுக்கு மட்டும் இல்லை. இன்னும் ஒரு நாள் ஆல்டிங் வந்தால் கதவுக்கும் ஆகிவிடும். அந்த ஒரு நாள், வெள்ளிக்கிழமை, தேனியில் ஒரு பருத்தி ஆலை வாசலில் எனக்கு வாய்த்தது. பருத்தி மூட்டையோடு முதல் நாளே போய்விட்டேன். மிஷின் பெல்ட் அறுந்து, உள்ளே இருந்த பருத்தியே தேங்கிக் கிடந்தது.

அந்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டை மேல் தார்ப்பாயைக் கட்டிய கயிறு அவிழ்ந்தால் சரக்கு இறங்கத் தொடங்கிவிட்டதாக அர்த்தம். அதற்குப் பிறகு அன்றைய ஆல்டிங் கிடையாது. மூட்டை இறக்கும் பெண்களுக்கும் அந்தக் கயிறுதான் கணக்கு. கயிறு அவிழ்ந்தால் அன்றைய கூலி உண்டு. அவிழாவிட்டால் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வெறுங்கையோடு போகவேண்டியதுதான். அன்றைக்கும் எட்டுப் பெண்கள் வந்து என் லாரி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே வேறு நிழல் இல்லை.

அவர்களில் பேச்சி என்ற பெண்ணிடம் கைக்குழந்தை. வெக்கையில் அது அழுதுகொண்டே இருந்தது. "அண்ணே, தொட்டில் கட்ட ஒரு கயிறு இருக்குமா?" என்றாள். கேபினில் தேடினேன், இல்லை. பின்பக்கம் போய்த் தார்ப்பாய்க் கயிற்றின் ஒரு முடிச்சை அவிழ்த்து, தொங்கிய கயிற்றை வண்டிக்கு அடியில் கொண்டுபோய் அவள் தந்த பழஞ்சேலையில் தொட்டில் கட்டிக் கொடுத்தேன். யோசித்துத்தான் செய்தேனா என்று கேட்டால், இல்லை. கயிறு வேண்டும் என்றாள், கை போய் அவிழ்த்துவிட்டது. குழந்தை அடங்கியது. ஆலைப் பஞ்சு காற்றில் மிதந்து வந்து, விழாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. தொட்டிலைக் காலால் ஆட்டிக்கொண்டே நானும் கண்ணயர்ந்துவிட்டேன்.

விழித்தபோது ஆலைக் கணக்குப்பிள்ளை குடையோடு நின்றிருந்தார். "கயிறு அவுந்துருச்சே டிரைவர். இன்னைக்கு உங்களுக்கு ஆல்டிங் இல்ல." நான் வாயைத் திறப்பதற்குள், பெண்களில் மூத்தவளான முத்தம்மா எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "அவுந்துருச்சுன்னா எங்க எட்டுப் பேருக்கும் கூலி உண்டுல்ல சாமி?"

கணக்குப்பிள்ளை குடையைக் கை மாற்றினார். எட்டுக் கூலி எங்கே, ஒரு ஆல்டிங் எங்கே. ஆல்டிங்தான் மலிவு. என் பக்கம் திரும்பிக் குரலைக் குழைத்தார். "டிரைவர், நீங்க தொட்டிலுக்குத்தான அவுத்தீக? அப்ப அவுக்கலன்னே வச்சுக்கிருவோம். ஆமான்னு சொல்லுங்க, ஆல்டிங்க இப்பவே வாங்கித் தந்துர்றேன்." உண்மையைச் சொல்லிக் காசு வாங்கச் சொல்கிறார். அப்படி ஒரு வாய்ப்பு அதுவரை எனக்கு வந்ததில்லை. சரசு திங்கட்கிழமையை எண்ணிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பாள். ஏழு பெண்கள் என் முகத்தையே பார்த்தார்கள். பேச்சி மட்டும் பார்க்கவில்லை, குனிந்து தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளும் பார்த்திருந்தால் ஒருவேளை ஆமாம் என்று சொல்லியிருப்பேன்.

"மூட்டை எறக்கத்தான் அவுத்தேன்" என்றேன்.

கணக்குப்பிள்ளை குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். அந்த மனுசர் சிரித்து அன்றுதான் கண்டேன். "மொத மூட்டை தூங்குதுபோல. முழிச்சதும் எறக்குங்க."

கதவு

சனிக்கிழமை வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். சரசு அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. கோபமா என்று முகத்தில் தெரியவில்லை. கடைசியில், "அந்தப் பிள்ளை தூங்குச்சா?" என்று கேட்டாள். நன்றாகத் தூங்கியது என்றேன். சரி என்று முறத்தைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கொத்தனார் சுவரை உடைத்து, நிலை வைத்து, கம்பி பூட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் காற்று வந்தது. விளக்கு அணைந்தது, அடுப்புச் சாம்பல் பறந்தது, நாள்காட்டி ஆணியிலிருந்து கழன்று விழுந்தது. சரசு கம்பியைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்து நின்றாள். தலைமுடியெல்லாம் பின்னால் பறந்தது. அவளை எனக்கு அன்று பிடித்ததுபோல் என்றும் பிடித்ததில்லை. குற்ற உணர்ச்சியோடு, கதவு இல்லாமல் சாரல் உள்ளே அடிக்குமே என்றேன். அவள் திரும்பாமலே சொன்னாள்:

"அடிக்கட்டும். இம்புட்டு வருசமா அது வெளிய காத்துக் கெடந்துச்சே, அதுக்கு யாரு ஆல்டிங் குடுத்தா? வரட்டும் உள்ள."

ஆக, நான் ஓடி ஓடிச் சம்பாதித்ததெல்லாம் அடுப்போடு போயிற்று. சும்மா நின்று சம்பாதித்ததுதான் சுவரில் ஒரு ஓட்டையாக மிஞ்சியது.