மணல்மேட்டு மனு

சத்தியபாயின் கையில் வெளுத்த தேமல் விழுந்து, விரல்களில் உணர்ச்சி போனபோது அவளுக்கு இருபத்தேழு வயது. முதலில் சபையில் கடைசி பெஞ்சுக்குப் போகச் சொன்னார்கள். பிறகு வாசலுக்கு வெளியே நின்று ஜெபிக்கச் சொன்னார்கள். புருஷன் அவளுடைய பாயையும் தட்டையும் முற்றத்தில் வைத்த அன்று அவள் அழவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு பாறசாலையிலிருந்து நெய்யாற்றுக்கு நடந்தாள். பூவார்ப் பக்கம் யாருடைய பெயரிலும் இல்லாத ஒரு மணல்மேட்டில் ஓலைக்குடிசை கட்டினாள்.

அடுத்த வருடம் உமையம்மாள் வந்தாள். நெய்யாற்றின்கரையில் நிலபுலன் உள்ள சைவக் குடும்பத்துப் பெண். பதினாறு வயதில் தாலியறுத்தவள், பிறகு ஒரு பிள்ளை பெற்றதற்காக விரட்டப்பட்டவள். பிள்ளையும் தங்கவில்லை. இரண்டு நாள் பட்டினியோடு குடிசை முன் நின்றாள்.

"கஞ்சி உண்டு. எனக்குப் பெருவியாதியாக்கும். சாதியும் ஒங்களுக்குக் கொள்ளாது" என்றாள் சத்தியபாய்.

"கொள்ளாதவளுன்னுதான் என்னையும் எறக்கி விட்டாவ. கஞ்சிய ஊத்து" என்று உட்கார்ந்தாள் உமையம்மாள்.

இருவரும் தொண்டு எனும் தேங்காய் மட்டையை ஆற்றுச் சேற்றில் ஊறவைத்து, அடித்து, கயிறு திரித்தார்கள். மரத்துப்போன விரல்கள் புண்ணாகிவிடும் என்று சத்தியபாயை ராட்டு மட்டும் சுற்றச் சொல்லிவிட்டு உமையம்மாள் நாரைப் பிடித்தாள். பேச்செல்லாம் அந்த மேட்டைப் பற்றித்தான். பட்டா வாங்க வேண்டும். செங்கல் சுவர் வைக்க வேண்டும். போக்கிடமில்லாமல் வருகிறவர்களுக்கும் ஒரு அறை வேண்டும்.

மனு கொடுக்க வேண்டிய அரசாங்கக் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவர் உமையம்மாளின் அண்ணன் சிவதாணு. அவர் முகத்தில் விழிப்பதில்லை என்றிருந்தவள் போய் நின்றாள். அவர் தலை நிமிரவில்லை.

"நான் ஒங்க தங்கச்சியாட்டு வரல்ல. மகாராஜாவுக்க குடியாட்டு வந்தேன். எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொண்டார்.

இரண்டு வருட அலைச்சலுக்குப் பின் நிலம் அளக்க நாள் குறித்தார்கள். அதற்குள் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் கொல்லம் ஆண்டின், இங்கிலீஷ் கணக்கில் 1924-இன், பெருவெள்ளம் வந்தது. குடிசையும் ராட்டும் மேடும் கடலுக்குப் போயின. கோட்டுகாலில் ஒரு கிடங்கில் சனங்கள் ஒதுங்கியிருந்தார்கள். உமையம்மாள் உள்ளே வரலாம், கூட வந்தவள் கூடாது என்றார்கள். உமையம்மாள் வெளியே பலாமரத்தடியில் தோழியோடு உட்கார்ந்தாள். நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காய்ச்சல் கண்டது. எட்டாம் நாள் இறந்துபோனாள்.

குழிவெட்ட ஆள் வரவில்லை. அந்தக் கைகளால் சத்தியபாயே வெட்டினாள். மறுவாரம் கச்சேரி வாசலில் நின்றாள். சேவகன் விரட்டியும் நகரவில்லை. கடைசியில் சிவதாணு வெளியே வந்தார்.

"உமையம்மா போயாச்சு, ஏமானே."

அவர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"மண்ணு ஆத்தில போச்சு. மனு போகல்ல. வேற எடம் தாங்க."

"இப்ப வீட்டுக்குப் போ. பாக்கலாம்."

"வீடு இல்லாததினாலதானே வாறேன்."

செவ்வாய்க்கிழமை தோறும் வந்தாள். பதினான்கு மாதம் வந்தாள். கோட்டுகால் சரிவில், பாறை என்று எவரும் கேட்காத இருபது சென்ட் கிடைத்தது. செங்கல் வாய்க்கவில்லை, மண்சுவர்தான். ஆனால் அறை இரண்டு. முதல் மழைக்கு முன்பே தங்கபாய் என்றொருத்தி மூட்டையோடு வந்தாள். பிறகு இன்னும் மூன்று பேர். ஏன் வந்தாய் என்று சத்தியபாய் ஒருத்தியிடமும் கேட்டதில்லை. கஞ்சி குடித்து முடித்ததும் தொண்டு அடிக்கிற தடியை எடுத்துக் கையில் கொடுப்பாள்.