அண்ணன் புதைத்த குஞ்சுகள்

கொத்தமல்லி விதை பருமன்தான் இருக்கும் அந்த நீல வளையம். அதை என் உள்ளங்கையில் வைத்து, "பாத்து பாப்பா, மூச்சு வுட்டா பறந்துடும்" என்று அண்ணன் சிரித்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றும் எனக்கு முதலில் வருவது சந்தோஷம்தான், கோபம் அதற்கப்புறம்தான் வருகிறது. அதுவே எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் கோபம்தான் முந்திக்கொண்டு வர வேண்டும். ஆனால் கூடப்பிறந்தவனை நினைக்கிற மனது நியாயத்தையெல்லாம் எங்கே பார்க்கிறது?

ஃபிஞ்ச் என்கிற சின்னக் கூண்டுக்குருவியின் குஞ்சுக்கு வளையம் போடுவது கண்ணில் மை எழுதுவதைவிடக் கஷ்டம். பொரித்து ஒரு வாரம் தாண்டியதும் போட்டுவிட வேண்டும். முந்தினால் கழன்று விழுந்துவிடும், பிந்தினால் பாதம் பெருத்துப்போய் நுழையவே நுழையாது. முன்விரல் மூன்றையும் சேர்த்து வளையத்துக்குள் விட்டு, பின்விரலைக் காலோடு மடக்கி, அதன்மேல் வளையத்தை ஏற்றி, கடைசியில் தீக்குச்சி முனையால் பின்விரலை மெல்ல வெளியே எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். அப்புறம் அந்தப் பறவை சாகிற வரைக்கும் வளையம் கழலாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். எந்த வீட்டில், எந்த வருஷம் பிறந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அண்ணன் குஞ்சைப் பிடித்துக்கொள்வான், நான் வளையத்தைப் போடுவேன். தங்கச் சுரங்கத்தில் பாறையில் துளை போட்ட அந்தக் கைக்குள் குஞ்சு பதறாமல் கிடக்கும். "லெவலுக்குக் கீழ எறங்கற கேஜ்ல கூட இவ்ளோ பயந்ததில்ல பாப்பா" என்று, சுரங்கத்துக்குள் ஆளை இறக்குகிற கூண்டைச் சொல்வான். எங்கே நசுங்கிவிடுமோ என்று அவனுக்குப் பயமாம்.

கே.ஜி.எஃப். தங்கவயலில், ஊரிகத்தில், எங்கள் அப்பா விட்டுப்போன லைன் வீடு, சுரங்கக் கம்பெனி ஒரே சுவராக வரிசையாய்க் கட்டியது, பக்கம்பக்கமாக இரண்டு. ஒன்றில் நான், ஒன்றில் அண்ணன். நான் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. அண்ணி போனபின் அவனும் தனியாள். சுரங்கம் மூடியபோது அவன் திடகாத்திரமான ஆள். பெங்களூரில் காவலாளி வேலைக்குப் போனான். "மேல இருக்கறவன் எல்லாம் என்னை ஏய்னு கூப்புடறான்" என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டான். நானோ விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு ஓடி, விளக்கு வைத்தபின் வீடு திரும்புகிற ஜென்மம். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். ரயிலுக்கு ஓடுகிறவர்கள் வீட்டுச் சாவியை, ஊரில் தங்கியிருக்கிற ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவோம். கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கிவைக்க, தண்ணீர் வந்தால் பிடித்துவைக்க. அந்தச் சாவியை யாரிடம் கொடுக்கிறோமோ அவர்தான் நமக்கு உறவு. என் சாவி அண்ணனிடம் இருந்தது. என் குருவிகளுக்குத் தினை போடுவதும் தண்ணீர் மாற்றுவதும் அவன்தான்.

என்னிடம் ஒரு ஜோடி இருந்தது. சாதாரண ஜீப்ரா ஃபிஞ்ச் ஆணுக்குக் கன்னம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். என் ஆணுக்குக் கன்னம் கறுப்பு. திருஷ்டிப் பொட்டு வைத்ததுபோல அப்படி ஓர் அழகு. எங்கள் பக்கத்தில் வேறு யாரிடமும் அது இல்லை. இந்த வம்சம் என் வீட்டில் தழைக்க வேண்டும், இது ஊரிகத்துப் பறவை என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. வேறு பெரிய ஆசையெல்லாம் எனக்கு இருந்ததில்லை, சிரிக்காதீர்கள். பெங்களூரில் சொல்லி வளையம் செய்து வாங்கினேன். அந்த வருஷத்துக்கு நீல நிறம். அதில் என் பெயரைப் போடக் கூச்சப்பட்டுக்கொண்டு, பிள்ளைக்கு இனிஷியல் வைப்பதுபோல அப்பாவின் முதல் எழுத்தையும் ஊரின் முதல் எழுத்தையும் போடச் சொன்னேன். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா பேரை நாம கெடுத்தோம், குருவியாவது காப்பாத்தட்டும்" என்றான். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

முதல் ஈட்டுக் குஞ்சுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து வளையம் போட்டோம். திங்கட்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். முகமே சரியில்லை. "தாய் தூக்கிப் போட்டுடுச்சி பாப்பா. ரிங்கு பளபளன்னு கீதுல்ல, எச்சம்னு நெனச்சி காலைக் கொத்தி இழுத்து வெளில தள்ளிடுச்சி. ரெண்டு போயிடுச்சி. பின்னாடி பொதச்சிட்டேன், நீ பாக்க வேணாம்" என்றான். ஃபிஞ்ச் வளர்க்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். கூட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்கிற தாய் சில சமயம் அப்படிச் செய்துவிடும். அதனால் நான் நம்பினேன். கொழுகொழுவென்று இருந்த குஞ்சுகளாகப் பார்த்துத் தாய் தள்ளியிருக்கிறதே என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதை அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்த ஈட்டுக்கு, பளபளப்புத் தெரியாமல் இருக்க வளையத்தின் மேல் விளக்குக் கரியைத் தேய்த்துப் போட்டோம். கரியைப் பக்குவமாகத் தேய்த்ததும் அண்ணன்தான். மறுநாளே அதே முகம், அதே வாசல், அதே பேச்சு. அன்றைக்கு நான் ரயில் பையைக்கூடக் கீழே வைக்காமல் உட்கார்ந்து அழுதேன். பேருக்கு ஆசைப்பட்டுப் பச்சைக் குஞ்சுகளைக் கொன்றுவிட்டேன், நான் ஒரு பாவி என்று தலையில் அடித்துக்கொண்டேன். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து தன் தோள் துண்டாலேயே என் கண்ணைத் துடைத்தான். "அழுவாத பாப்பா. ஒன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றான். அதோடு மீதி வளையங்களைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிட்டேன். இரண்டு ஈட்டிலும் மிஞ்சிய நோஞ்சான் குஞ்சுகளும் தங்கவில்லை. அந்தத் தாய்ப்பறவையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. "ஒனக்கு எதுக்கு மனக்கஷ்டம், அத்த எங்கிட்ட குடு, நான் வெச்சிக்கறேன்" என்று அண்ணன் அதையும் வாங்கிக்கொண்டான். இப்படி ஓர் அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று ரயிலில் கூட வருகிறவளிடம் பெருமையாகச் சொன்னேன். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்துவிட்டு, பூனைக்குப் பாராட்டு விழா வேறு நடத்தியிருக்கிறேன்.

இரண்டு வருஷம் கழித்து, பெங்களூரில் ஒரு மண்டபத்தில் பறவைக் கண்காட்சி நடந்தது. ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால் சும்மா பார்க்கப் போனேன். ஃபிஞ்ச் வரிசையில் ஒரு கூண்டின் முன்னால் கால் நின்றுவிட்டது. கறுப்புக் கன்னம். காலில் நீல வளையம். வளையத்தில் எங்கள் அப்பாவின் எழுத்து, எங்கள் ஊரின் எழுத்து. நான் செத்துப்போனதாக நினைத்து அழுத குஞ்சு பெரிய ஆணாகி, கம்பியில் உட்கார்ந்து என் முகத்துக்கு நேராகப் பாடியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். "அட கண்ணு, நீ உசுரோட இருக்கியா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற கூண்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கே.ஜி.எஃப். சாரோட வம்சம் மேடம் இது. அவர் ரிங் இருந்தா கண்ணை மூடிக்கினு வாங்கலாம். அவங்க அப்பா இனிஷியலைப் போட்டிருக்கார் பாருங்க" என்றார். தாயையும் சார்தான் வைத்திருக்கிறாராம், அருமையான தாயாம், ஒரு குஞ்சைக்கூட வீணாக்காதாம்.

திரும்புகிற ரயில் பங்காருப்பேட்டை வருவதற்குள் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அண்ணன் வீட்டில் பெங்காலீஸ் ஃபிஞ்ச் இருந்தது. அந்தச் சாதி யார் குஞ்சை வைத்தாலும் தன் குஞ்சாக நினைத்துத் தீனி ஊட்டும். நான் ரயிலேறியதும் சாவியைப் போட்டுத் திறந்து, வளையம் போட்ட குஞ்சில் கொழுத்ததாகப் பார்த்து எடுத்துப்போய் அந்தக் கூட்டில் வைத்திருக்கிறான். "முட்டை வெச்சிருக்குது, ஆளப் பாத்தா எழுந்துடும், உள்ள வராத" என்று அவன் சொன்ன நாட்களில் நான் அந்த அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கன்னத்தில் நிறம் வருவதற்குள் குஞ்சுகள் பெங்களூருக்குப் போய்விட்டன. வளையம் அவன் பெயரைத்தான் சொன்னது. எங்கள் இருவருக்கும் ஒரே அப்பா அல்லவா.

வீட்டுக்கு வந்ததும் அவன் கதவைத் தட்டினேன். கண்காட்சிக்குப் போனேன், நீல வளையத்தைப் பார்த்தேன் என்றேன். மழுப்புவான், சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் நாற்காலியை என் பக்கம் தள்ளினான். நான் உட்காரவில்லை.

"ஏண்ணா?" என்றேன்.

"ஒனக்கு வேலை கீது, ஆபீஸ் கீது, ரயில்ல கூட வர்ற கூட்டம் கீது. எனக்கு இன்னா கீது பாப்பா? அங்க போனா சார்னு கூப்புடறாங்க. நாற்காலி போட்டு ஒக்கார வெச்சிக் கேக்கறாங்க."

"கேட்டிருந்தா கூண்டோட குடுத்திருப்பேனே, அண்ணா."

"குடுத்திருப்ப. தெரியும். அப்பவும் அது தங்கச்சி குடுத்த குருவிதானே" என்றான்.

அவன் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. ஏய் என்று கூப்பிட்ட ஊரில் சார் ஆவது என்றால் என்ன என்று தெரியாதவளா நான்? குருவியை எடுத்ததை என்றைக்கோ மன்னித்துவிட்டேன். அவன் இன்னும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறான். தண்ணீர் வந்தால் குரல் கொடுக்கிறான், நானும் பதில் சொல்கிறேன். சாவி மட்டும் என் பைக்குள் பெங்களூர் போய்த் திரும்பி வருகிறது. ஊர்க்காரர்களுக்கு எதுவும் தெரியாது. கிறிஸ்துமஸுக்குப் பலகாரத் தட்டுகூட மாற்றிக்கொள்கிறோம்.

ஆனால் நான் அழுத அந்த நாள் இருக்கிறதே, அதை என்ன செய்வது? நான் பாவி, நான் பாவி என்று தலையில் அடித்துக்கொண்டபோது, ஒன் மேல தப்பு இல்ல என்றானே, அது எவ்வளவு நிஜம் என்று இந்த உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். லைன் வீட்டுச் சுவருக்கு ஒரு பக்கத்தில் தும்மினால் மறுபக்கத்தில் கேட்கும். அன்றைக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் தீனி கேட்டுக் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. எனக்கு நன்றாகக் கேட்டது. அண்ணன் வீட்டுக் குருவி பொரித்திருக்கிறது போல, அதுவாவது நல்லபடியாகப் பிழைக்கட்டும் கர்த்தரே என்று அந்த அழுகையிலும் வேண்டிக்கொண்டேன். கத்தியவை என் குஞ்சுகள். அந்தச் சத்தம் அவனுக்கும் கேட்டது. கேட்டுக்கொண்டேதான் என் கண்ணைத் துடைத்தான்.