ஏட்டம்மாவின் மீன் அமிலம்

ஏட்டம்மா இறந்த செய்தி எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. போன வாரம், காலைச் சமையல் நேரம். மாரடைப்பு, தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பத்து நிமிடத்துக்குள் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. நானும் ஒன்று போட்டேன்.

இசக்கியம்மாள் என்பது அவர் பெயர். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்று மேலகரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தவர். கொரோனாவில் கணவரை இழந்தார். அதே காய்ச்சலில் அவருடைய மோப்பமும் போனது, திரும்பவே இல்லை. அதன் பிறகுதான் மாடியில் கத்தரியும் வெண்டையும் பாகலும் வைத்தார். சந்தையில் மீன் கழிவை வாங்கி வந்து, சம எடை வெல்லத்தைத் தட்டிப் போட்டு டிரம்மில் மூடி வைப்பார். ஒரு மாதத்துக்கு மேல் ஊறினால் மீன் அமிலம். செடிக்குத் தண்ணீரில் கலந்து ஊற்றுவார். "கைதிக்கே வேளைக்குச் சோறு போட்டுத்தான் வச்சிருந்தோம். செடியப் பட்டினி போட்டா எந்தச் சட்டத்துல சேத்தி?" என்பார்.

பதமான அமிலத்தில் கனிந்த பழத்தின் வாடை வரும். மீன் நாறினால் இன்னும் ஆகவில்லை என்று பொருள். அதைச் சொல்ல ஒரு மூக்கு வேண்டுமே, என்னைக் கூப்பிடுவார். "டீச்சர், செத்த மோந்து பாத்துச் சொல்லுதியளா?" நான் சொல்வதை அப்படியே நம்புவார். வாரம் தவறாமல் எங்கள் வீட்டுக்குக் கத்தரிக்காய் வரும்.

இந்தச் சாரல் காலத்தில் என் மகளைப் பெண் பார்க்கக் கீழப்பாவூரிலிருந்து வருவதாக இருந்தது. அப்போதுதான் அவர் புது டிரம் போட்டிருந்தார். குற்றாலத்துக் காற்று அதன் நாற்றத்தை நேரே எங்கள் முன்னறைக்குக் கொண்டுவந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டிரம்மை நகர்த்தியிருப்பார். நான் சொல்லவில்லை. தெருக்காரர்கள் பேரூராட்சிக்கு எழுதிய புகாரில் முதல் கையெழுத்துப் போட்டேன்.

பெண் பார்த்துவிட்டுப் போய் ஒரு மாதம் கழித்துத்தான் பேரூராட்சி ஆட்கள் வந்தார்கள். டிரம்மை இறக்கிச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். பலாப்பழம் அறுத்ததுபோல் தெருவே மணந்தது. நின்றிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஏட்டம்மா என்னிடம் வந்தார். "டீச்சர், நெசமாவே நாறுதா?"

புகார்க் கடிதம் எதிரே நின்ற பேரூராட்சிக்காரர் கையில் இருந்தது.

"ஆமா ஏட்டம்மா. நிக்க முடியல."

"டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். பிறகு தெருவைப் பார்த்து, "மன்னிச்சுக்கிடுங்க. எனக்குத் தெரியல்லா," என்றார். பிளீச்சிங் பவுடரும் துடைப்பமும் எடுத்து வந்து, மத்தியானம் வரை குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குள் போனோம்.

மறுநாள் செடிகளை எல்லாம் பிடுங்கினார். கடைசிக் கத்தரிக்காய்களை ஒரு பையில் கொண்டுவந்து, "இதுலயும் வாடை அடிச்சா தூரப் போட்டுருங்க டீச்சர்," என்றார். வாங்கிக்கொண்டேன். அன்றைக்கே கூட்டு வைத்துச் சாப்பிட்டோம்.

தெருக்காரர்களே, இரங்கல் கூட்டத்தில் அவரைக் கண்டிப்பானவர், யாருக்கும் தொந்தரவு தராதவர் என்று எல்லாரும் பேசினீர்கள். என்னையும் அழைத்தீர்கள், எழுந்திருக்கவில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அவர் என் வார்த்தைமேல் வைத்த நம்பிக்கை. அதைத் திருப்பிக் கொடுக்க இனி ஆளில்லை. அன்று தெருவில் நின்ற உங்களுக்கும் மூக்கு இருந்தது.