அக்காவைக் கரையில் உட்கார வைத்துவிட்டுத் துடுப்புப் போட்ட நாள்

போன ஜனவரியில், பொங்கல் முடிந்த அடுத்த வாரம், கம்பத்திலிருந்து ஆலப்புழைக்குப் பக்கத்தில் உள்ள மராரி கடற்கரைக்குப் போய் வந்தோம். நான், மனைவி சுதா, ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் என் அக்கா. பழம் வெட்டி முடித்து, கொடிகளை வெட்டிக் கவாத்து செய்ய இன்னும் பத்து நாள் இருந்ததால் அக்காவால் வர முடிந்தது. "ஒரு நா பூரா கடல்ல கெடக்கணும்டா" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததே அவள்தான். வயது ஐம்பத்து மூன்று. ராமேஸ்வரத்தில் ஒருமுறை கூட்டத்தோடு கூட்டமாக முழுக்குப் போட்டதுதான் அவள் கண்ட கடல்.

காலை 5 மணிக்குக் காரில் கிளம்பி 5.50க்குக் குமுளி. குட்டிக்கானத்தில் ஏழு மணிக்குப் புட்டும் கடலைக் கறியும், மூன்று பேருக்கு 210 ரூபாய். அதன் பிறகு முண்டக்கயம் வரை வளைவுகள்தான். வயிறு புரட்டும் ஆட்கள் சாப்பாட்டை முண்டக்கயத்துக்குத் தள்ளிப்போடுவது நல்லது, சுதா பட்டுத் தெரிந்துகொண்டாள். சங்கனாச்சேரி வழியாக, எங்கள் கார் மீட்டரில் மொத்தம் 165 கிலோமீட்டர். சேரும்போது 10.40.

தென்னைக்குக் கீழே அகலமான மணல், அதிகம் கூட்டமில்லை. கயாக் எனப்படும் துடுப்புப் படகு அங்கே வாடகைக்குக் கிடைக்கிறது. ஆளுக்கு ஒரு மணி நேரம் 500 ரூபாய், லைஃப் ஜாக்கெட்டும் சேர்த்து. நான் இரண்டு பேர் என்றேன்.

படகுக்காரர் அக்காவைப் பார்த்துவிட்டு, "சேச்சி வருன்னில்லே, அக்கா வரலையா? மூணு பேர் இருக்கலாமே" என்றார்.

"இல்ல சேட்டா, அவுகளுக்குத் தண்ணி ஒத்துக்காது" என்றேன்.

அக்கா என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு பைகளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். "போயிட்டு வாங்க, நான் இங்கன இருக்கேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அவள் சேலையோடு நனைந்து ஏறி வருவாள், நாலு பேர் பார்ப்பார்கள் என்ற கூச்சம் எனக்கு. தோட்டத்துக் கிணற்றில் எனக்கு நீச்சல் பழக்கியதே அக்காதான்.

அலை உடையும் இடத்தைத் தாண்டிவிட்டால் கடல் குளம் மாதிரி இருக்கிறது. துடுப்பை வைத்துவிட்டு மிதந்தோம். சந்தோஷத்தில் இன்னொரு மணி நேரம் நீட்டித்தோம். மீன் சாப்பாடு முடித்து இரண்டரைக்குத் திரும்பி வந்தால் காற்று ஏறிவிட்டது. கடற்கரைக் காவலர்கள் யாரையும் தண்ணீரில் இறங்க விடவில்லை. மூன்று மணிக்கு ஊர் திரும்பக் கிளம்பினோம்.

முண்டக்கயத்தில் தேநீருக்கு நிறுத்தினோம். துண்டு தேடி அக்காவின் பையைத் திறந்த சுதா ஒரு புதுச் சுடிதாரை எடுத்தாள். விலைச் சீட்டுகூடப் பிரிக்கவில்லை.

"இது யாருக்குக்கா?"

"எனக்குத்தான். சேலையோட எறங்குனா இவன் சங்கடப்படுவான்னு சின்னமனூர்ல எடுத்தேன்."

"அப்ப அங்கனயே சொல்லியிருக்கலாம்லக்கா?" என்றேன்.

"நீதான் தண்ணி ஒத்துக்காதுன்னு சொல்லிட்டியேடா. அந்தாளு முன்னாடி ஒன்னயப் பொய்க்காரனாக்கச் சொல்றியா?"

கோபமே இல்லாமல் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து ஓடைப்பட்டிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அத விடு. மருந்தடிக்க ஆளில்ல, அந்த ஓஸப் பிடி" என்றாள். சாயங்காலம் வரை மருந்துக் குழாயைப் பிடித்தேன். திரும்பவும் மராரிக்குப் போவோம் என்றதற்கு, கவாத்து முடிந்து கொடி துளிர்க்கிறது, இனி நகர முடியாது என்றாள். அதற்குப் பிறகு மழைக்காலம் வந்துவிட்டது, அப்போது கயாக் கிடையாது. எப்போது போவோம் என்று எனக்குத் தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கடல் அமைதியாக இருக்கும். மதியத்துக்கு முன்பே தண்ணீரில் இறங்கிவிடுங்கள். முடிந்தால் ஒரு ராத்திரி தங்குங்கள், காலை நேரம் முழுதாகக் கிடைக்கும். எத்தனை பேர் என்று படகுக்காரர் கேட்கும்போது உடனே பதில் சொல்லாதீர்கள். கூட வந்தவர்கள் பக்கம் திரும்பி, ஒவ்வொருவரையும் வாய்விட்டுக் கேளுங்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் கேட்கவில்லை.