ஆடாத மேசை

வாண்டா ஹாகன் இருபத்தொன்பது வருடம் பனி தள்ளும் வண்டி ஓட்டியவள். மொன்டானாவின் வடக்குச் சமவெளியில் குளிர்காலம் வந்துவிட்டால் சாலை எது, கோதுமை வயல் எது என்று சாலை போட்டவனுக்கே தெரியாது. அந்த வெள்ளைக்குள் தனியாக ஓட்டிக்கொண்டு போகும்போது வண்டி நிற்பது போலவும் பூமிதான் மெல்லப் பின்னால் நழுவுவது போலவும் இருக்கும் என்பாள். ஓய்வு பெற்ற பிறகும் அது அவளை விடவில்லை. பட்டப்பகலில், பாதிப் பேச்சில், எங்கேயாவது போய்விடுவாள். கூப்பிட்டால் கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வருவாள்.

ஒரே ஒரு காரியத்தில் மட்டும் அவள் கனவு கண்டதில்லை. வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து தனக்கான தோட்டாக்களைத் தானே தயார் செய்வாள். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, அடியில் பொறி தட்டும் புதுக் கேப்பு வைத்து, வெடிமருந்தை மணி மணியாகத் தராசில் நிறுத்து ஊற்றி, மேலே குண்டைச் செருகி அழுத்துவாள். முப்பத்து நாலு வருடமாக அவள் வீழ்த்திய எல்க் மான்கள் எல்லாம் அப்படித்தான் விழுந்தன. "ஊரான் செஞ்ச தோட்டா என் துப்பாக்கிக்குள்ள போகாது. அப்படி ஒரு நாள் வந்தா துப்பாக்கிய வித்துட்டு மீன் பிடிக்கப் போயிடுவேன்" என்று தேவாலய விருந்தில் நூறு பேர் முன்னால் சொல்லியும் வைத்திருந்தாள். வாய்க்கொழுப்புதான். ஆனால் அந்த ஊரில் சொன்னதை யாரும் மறக்க மாட்டார்கள். அவளும் மறக்க மாட்டாள்.

புருஷன் லைல் பள்ளிக்கூடத்துச் சமையல்காரன். சுடத் தெரியாது, சுடவும் பிடிக்காது. ஆனால் அவன் எல்க் கறியை வேகவைத்தால் பக்கத்து ஊர்க்காரன் சும்மா விசாரித்துவிட்டுப் போக வந்ததாகச் சொல்லிக்கொண்டு வாசலில் நிற்பான். அவள் சுடுவாள், இவன் சமைப்பான். ஊர் அதைச் சொல்லிச் சிரிக்கும், பிறகு தட்டை நீட்டும்.

அந்த ஆகஸ்டில் தராசு முள் நிலைகொள்ளவில்லை. பழைய மேசையில் முழங்கையை ஊன்றி மருந்தைத் தூவினால் முள் மேலும் கீழும் துடித்தது. மருந்து கூடினால் ஆபத்து. குறைந்தால் மானுக்குக் காயம்தான் மிஞ்சும், அது அதைவிடப் பாவம்.

"இந்த மேச செத்துப்போச்சு, லைல். முள்ளு பேயாட்டம் ஆடுது."

"மேசையா?" என்றான் லைல், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"பின்னே? தராசுக்குக் குளிர் காய்ச்சலா?"

லைல் வெங்காயத்தையே பார்த்தான். "சரி, புதுசா ஒண்ணு செஞ்சுடலாம். நானும் கூட வரேன்."

"நீயா? ஆணியக் கரண்டியால அடிப்பியே, மகராசா."

ஊர்க் கோடியில் பந்து உருட்டி விளையாடும் பௌலிங் கூடத்தை மூடிவிட்டு, அதன் தரையை அறுத்து அறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேப்பிள் மரச் சட்டங்களை நிறுத்திவைத்து நெருக்கிச் சேர்த்த தரை. எட்டடித் துண்டு ஒன்றை நாலு பேர் தூக்கி வண்டியில் போட்டார்கள். வீட்டுக்கு வந்து அறுத்தபோதுதான் அதற்குள் ஆணிகள் இருப்பது தெரிந்தது. மூன்று ரம்பங்களுக்குப் பல் போயிற்று. வாண்டா திட்டிய திட்டில் கோதுமைக் கதிர்கள் தலை குனிந்திருக்கும்.

ஆனால் மெருகு ஏற்றத் தொடங்கியதும் அவள் சாந்தமாகிவிட்டாள். சின்னச் சன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழுந்தது. மரத்தூள் அந்த வெயிலில் இறங்காமல் மிதந்தது. பந்து வீசுகிறவர்கள் குறி பார்க்க மரத்தில் பதித்திருந்த கறுப்பு அம்புக்குறிகள் தேய்க்கத் தேய்க்க ஆழத்திலிருந்து எழும்பி வந்தன. எங்கோ ஒரு பந்து உருண்டு போவது போல, அது போய்ச் சேராமலே உருண்டுகொண்டிருப்பது போல அவளுக்குக் கேட்டது. வெளியே காற்று. அவள் பனிவண்டியில் இருந்தாள், நிலவறையிலும் இருந்தாள். எத்தனை நாள் அப்படித் தேய்த்தாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. லைல் மேலிருந்து இறங்கி வந்து மறுமுனையைத் தேய்ப்பான். சூப் ஆறிப்போகும். இரண்டு பேரும் அப்படிச் சந்தோஷமாக இருந்து ரொம்ப நாளாகியிருந்தது.

தடித்த கால்கள் வைத்து, பின்பக்கத்தைச் சுவரோடு திருகி, கால்களைக் கான்கிரீட்டில் இறக்கி, அடித்தட்டில் மணல் மூட்டைகளை அடுக்கினாள். கூட்டுக்குள் குண்டை அழுத்தும் பொறியை மேலே பூட்டினாள். லைல் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தான். வாண்டா பொறியின் நெம்புகோலை முழுப் பலத்தோடு இழுத்தாள். தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"மாதா கோவில் ஆடும், இது ஆடாது" என்றாள்.

அன்றைக்கு மத்தியானமே தராசை வைத்தாள். மருந்து டப்பாவைத் திறந்தால் கீழே யாரும் வரக் கூடாது, அவளைக் கூப்பிடவும் கூடாது என்பது அவள் சட்டம். லைல் நிலவறைப் படிகளில் மேல் படியில் உட்கார்ந்திருந்தான்.

முள் பூச்சியத்தில் நின்றது. முழங்கையை ஊன்றினாள், அப்போதும் நின்றது. கல்லில் செதுக்கிய மாதிரி நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சின்னக் கரண்டியில் மருந்தை அள்ளித் தட்டுக்கு மேலே கொண்டுபோனாள்.

கறுப்பு மணிகள் தட்டில் விழவில்லை. தட்டைச் சுற்றி விழுந்தன. மறுபடி அள்ளினாள். மறுபடியும் அப்படியே. மெருகேற்றிய வெளிர் மரத்தின் மேல் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிந்தது. மேசை அசையவில்லை, தராசு அசையவில்லை, வீடு அசையவில்லை. அந்த அறையில் அசைந்துகொண்டிருந்தது ஒன்றே ஒன்று. வாண்டா அதை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டாள். இடது கையும் கொஞ்சம் ஆடியது. பயமாக இருந்தது அவளுக்கு. சமவெளிப் பனிப்புயலில்கூட அப்படிப் பயந்ததில்லை.

"லைல்" என்று கூப்பிட்டாள்.

அவன் இறங்கி வந்தான். சிந்திய மணிகளைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"ஒரு வருஷமா உன் காப்பிக் கோப்பைய பாதிதான் நிரப்புறேன், வாண்டா."

அவள் அவனையே பார்த்தாள். "அப்புறம் எதுக்குடா இந்த மரத்தத் தூக்கினே? உன் முதுகு போச்சே!"

"மேசையும் ஆடுச்சுதானே? நான் பொய் சொல்லல. மேசை ஆடாம போனா மிச்சம் உனக்கே தெரிஞ்சிடும்னு நெனச்சேன். நான் சொன்னா என்னை உதைப்பே."

"இப்பவும் உதைப்பேன்."

"உதை. ஆனா மொதல்ல டாக்டர்கிட்ட போவோம். வியாழக்கெழம."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு தூரிகையால் சிந்தியதை ஒரு மணி விடாமல் கூட்டி எடுத்துவிட்டு, எழுந்து நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

"உக்காரு. கேக்குக்கு உப்புப் போடற மாதிரி கண்ணளவு போட்டே, வெரல ஒடிச்சிடுவேன்."

"கேக்குக்கு யாரு உப்பு கண்ணளவு போடுவா? இத்தன வருஷம் என் சாப்பாட்டைத் தின்னுட்டுப் பேசற பேச்சப் பாரு."

லைல் அள்ளினான், தட்டில் தூவினான். முள் ஏறி நின்றது. அவள் குனிந்து சரிபார்த்தாள், இன்னொரு முறையும் பார்த்தாள், தலையசைத்தாள். அவன் மருந்தைக் கூட்டுக்குள் ஊற்றினான். நெம்புகோலை அவள் இழுத்தாள். அதற்குப் பலம்தான் வேண்டும், பலம் அவளிடம் இருந்தது. சாயங்காலத்துக்குள் இருபது தோட்டாக்கள் பெட்டியில் வரிசையாக நின்றன.

பெட்டி மூடியில் தேதியும் மருந்தின் அளவும் தோட்டா செய்தவர் பெயரும் எழுத வேண்டும். லைல் எழுதினான். பெயருக்கு நேராக 'வாண்டா ஹாகன்' என்று போட்டுவிட்டுப் பேனாவை மூடப் போனான். அவள் அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கையை மறைத்துக்கொள்ளாமல், அவன் பார்க்கப் பார்க்க, ஆடி ஆடிப் போகும் எழுத்தில் பக்கத்தில் 'லைல்' என்று எழுதினாள்.